‘விட்டதைப் பிடிக்க வேண்டும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது?

ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ ஒரு வீட்டில் மகன் இணையச் சூதாட்டத்தில் சிக்கியிருப்பது தெரியவந்தால், உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘மொத்தம் எவ்வளவு போச்சு?’ என்பதுதான். கேட்பது இயல்பே. ஆனால் அதற்குப் பெரிய தொகை ஒன்று பதிலாக வரும் நிலையில் பழக்கம் முற்றிப் போயிருக்கும். கடன் வெளியே தெரிவதற்கு வெகு முன்பே ஆடுபவரின் நடத்தை மாறத் தொடங்கிவிடுகிறது. அந்த மாற்றத்தை அடையாளம் காண, மூளை எதற்கு மயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி. எஃப். ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பலகையைக் கொத்தினால் தீனி கிடைக்கும்படி புறாக்களைப் பழக்கினார்கள். இத்தனை கொத்துக்கு ஒருமுறை தீனி என்று நிலையான கணக்கு இருந்தபோது, தீனி கிடைத்ததும் புறா சற்று ஓய்ந்தது. எத்தனையாவது கொத்தில் கிடைக்கும் என்பதே தெரியாதபடி மாற்றியபோது ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருந்தது. இணைய ரம்மியும் சுழல் சக்கர ஆட்டங்களும் இந்த இரண்டாவது கணக்கில் இயங்குபவை. 2003-இல் குரங்குகளிடம் நடந்த ஆய்வொன்று இன்னும் ஆழமாகச் சென்றது: பரிசு நிச்சயம் கிடைக்கும், அல்லது நிச்சயம் கிடைக்காது என்ற நிலைகளைவிட, கிடைக்கவும் கிடைக்காமல் போகவும் சம வாய்ப்பு இருக்கையில்தான் காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களின் செயல்பாடு அதிகமாக உயர்ந்தது. அதாவது, இந்த நரம்பணுக்களை அதிகம் தூண்டுவது பரிசைக் காட்டிலும் ‘வருமா வராதா’ என்ற அந்த இடைவெளிதான். நடுக்குவாத நோய்க்கு டோபமைனைப் போலச் செயல்படும் சில மருந்துகளை உட்கொள்வோரில் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொட்டிராதவர்களுக்கும்கூட, சூதாடும் உந்துதல் எழுவது மருத்துவர்கள் அறிந்த பக்கவிளைவு. சூதாட்டப் பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிசைவிட ‘வருமா வராதா’ என்பதே இழுக்கிறது என்பதிலிருந்து முதல் அடையாளம் கிடைக்கிறது. ஜெயித்த பணம் வங்கிக் கணக்குக்கு வராமல் மறுபடியும் ஆட்டத்துக்கே போகத் தொடங்கினால், அவர் பணத்துக்காக ஆடும் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்று பொருள். தோற்ற ஆட்டத்தை அவர் விவரிக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ‘ஒரே ஒரு சீட்டுல போயிடுச்சு’ என்று திரும்பத் திரும்பச் சொல்பவருக்கு அது தோல்வியாகப் படவில்லை. லூக் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், மயிரிழையில் தவறிய ஆட்டங்கள் ஆடுபவர்களுக்குக் கசப்பாகவே இருந்தபோதிலும், வெற்றியின்போது கிளர்ச்சியுறும் மூளைப் பகுதிகளையே அவையும் தூண்டின. மறுபடி ஆடும் ஆசையையும் கூட்டின.

எல்லாவற்றிலும் எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டியது, விட்டதைப் பிடிக்கப் போவது. வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது சூதாட்டக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும்: தருமர் முதலில் செல்வத்தையும், பிறகு நாட்டையும், பிறகு தம்பியரையும், தன்னையும், இறுதியில் மனைவியையும் பணயம் வைக்கிறார். ஒவ்வொரு இழப்பும் எழுந்து போவதற்குக் காரணமாகாமல் அடுத்த பணயத்துக்குக் காரணமாகிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதை விளக்கினார்கள்: அதே அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பின் வலி பெரிது, எனவே இழப்பில் நிற்கும் மனிதர், அதை ஏற்றுக்கொண்டு விலகுவதைவிட, முழுவதையும் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் பெரிய ஆபத்தைத் தேர்கிறார். நூறு ரூபாயை இழந்த இரவே இருநூறு கட்டுவது சிறிய தொகைதான் என்றாலும், தொகை சிறியதாக இருக்கும்போதே இந்த வரிசையைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் தெரியும் மாற்றங்கள் மெல்லியவை. யாராவது அருகில் வந்தால் செல்போன் கவிழ்கிறது. ஆட முடியாத நாளில் காரணமற்ற எரிச்சல் வருகிறது. வங்கிப் பதிவில் நள்ளிரவுக்குப் பிறகு ஐம்பது, நூறு என்று ஒரே பெயருக்கு அடுத்தடுத்துப் பணம் போயிருக்கிறது. அவசரம் எதுவும் இல்லாமலேயே ஏலச்சீட்டை அதிகத் தள்ளுபடிக்கு முன்கூட்டி எடுப்பதும், அடகு வைத்த நகையைப் பற்றிப் பேச்சை மாற்றுவதும் சற்றுப் பிந்தியவை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. அச்சங்கம் வகுத்த 9 அடையாளங்களில் குறைந்தது 4 ஒரே ஆண்டுக்குள் தென்பட்டால் அது நோயாகக் கொள்ளப்படும். முதற்கட்டமாக அறிய இரண்டு கேள்விகளே போதும் என்ற எளிய முறையும் வழக்கில் உள்ளது: மேலும் மேலும் அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடுகிறோம் என்பதை நெருங்கியவர்களிடம் பொய் சொல்லி மறைத்ததுண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரை அணுகுவது நல்லது.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டத்தால் தடை செய்தது. நான் அதை வரவேற்கிறேன். எனினும் மூளை கற்றுக்கொண்டதைச் சட்டம் அழிக்காது, தடைக்குப் பின்னும் ஆடுபவர் முன்னிலும் கூடுதலாக மறைப்பார். ஆகவே கேட்கும் விதம் முக்கியம். எவ்வளவு போயிற்று என்பதை விட்டுவிட்டு, ‘ராத்திரி தூக்கம் வருதாப்பா?’ என்று தொடங்கினால் பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். பதில் வந்தபின், வேலூர்க்காரர்களுக்குப் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. தொலைவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.