ஸ்பேர் ரிப்ஸ்: உதிரியா, ஈட்டியா?

ஏற்காட்டில் ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய உணவகம். பெயர் வேண்டாம். மெனு அட்டையில் மேலே ஆங்கிலம், கீழே தமிழ். 'பார்பிக்யூ ஸ்பேர் ரிப்ஸ்' என்ற வரிக்குக் கீழே 'சுட்ட உதிரி எலும்புகள்' என்று போட்டிருந்தார்கள். கூட வந்த மச்சான் சேலம் ஐந்து ரோடு பக்கம் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, இது ஒரிஜினலா டூப்ளிகேட்டானு கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க" என்றார்.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்பேர் என்றால் உதிரி, ரிப்ஸ் என்றால் விலா எலும்பு. அகராதியைப் பார்த்துச் செய்தால் இப்படித்தான் வரும். ஆனால் இந்தச் சொல்லில் இருக்கும் 'ஸ்பேர்', ஸ்டெப்னி டயரில் இருக்கும் ஸ்பேர் இல்லை.

வடக்கு ஜெர்மனியில் ஒரு காலத்தில் பேசிய கீழ்ஜெர்மன் மொழியில் 'ரிப்பெஸ்பேர்' என்று ஒரு சொல் இருந்தது. ரிப்பெ என்றால் விலா எலும்பு. ஸ்பேர் என்றால் ஈட்டி, அதாவது இறைச்சியைக் குத்தி நெருப்பில் வாட்டும் கம்பி. கம்பியில் குத்திச் சுட்ட விலா என்பதுதான் மொத்தப் பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது ஆங்கிலத்துக்குள் வந்தபோது சொல்லைத் தலைகீழாகத் திருப்பி, 'ஸ்பேர் ரிப்' ஆக்கிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் 'ஸ்பியர் ரிப்' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்பேர் என்பதற்கு ஒல்லியான, சதைப்பற்று இல்லாத என்ற பொருளும் உண்டு. விலாவில் கறி குறைவுதானே, அதனால் அந்த உச்சரிப்பே பொருத்தமாகத் தோன்றி நிலைத்துவிட்டது. ஜெர்மனியிலோ உப்பில் ஊறவைத்துப் புகையூட்டும் பன்றிக்கறிக்கு இன்றும் 'காஸலர் ரிப்பென்ஷ்பேர்' என்று பெயர். ஈட்டி அங்கே பத்திரமாக இருக்கிறது.

இதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. அட்டையைப் படித்த ஊரின் பெயரே ஏரிக்காடு என்பது தேய்ந்து ஏற்காடு ஆனதுதான். சேர்வராயன் மலை வெள்ளைக்காரர் வாயில் ஷெவராய் ஆகி, இன்று நம் ஆட்களே ஷெவராய் ஹில்ஸ் என்று பலகை வைக்கிறார்கள். காதில் விழுந்ததைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

விலா என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். விலா நோகச் சிரிக்கிறோம், விலாப் புடைக்கத் தின்கிறோம். உடம்பின் பக்கவாட்டுக்கும் அதுதான், அங்கிருக்கும் எலும்புக்கும் அதுதான். தெலுங்கில் பக்கடெமுக, கன்னடத்தில் பக்கெலுபு, இரண்டுமே 'பக்க எலும்பு'தான். மலையாளத்தில் மட்டும் வாரியெல்லு.

அதிகம் புழங்காத இன்னொரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது: பழு. பழுவெலும்பு என்றால் விலா எலும்பு. பளு என்று எழுதிவிட்டால் பாரம் ஆகிவிடும், ழகரம் முக்கியம். (பழுவேட்டரையர் நினைவுக்கு வந்தால், அந்தப் பழு ஆலமரம். அது வேறு.) இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது இதன் இரண்டாவது பொருள். ஏணியின் குறுக்குப் படிக்கட்டையும் பழுதான், ஏணிப்பழு. தோலுரித்த ஆட்டின் விலாப் பக்கத்தைக் கறிக்கடையில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏணி எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சீனர்களும் இதே கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் விலா எலும்புக் கறிக்குப் பைகு என்று பெயர். பை என்றால் வரிசை, கு என்றால் எலும்பு.

ஈட்டிக்கும் தமிழில் ஆள் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அரண்மனை விருந்தைச் சொல்லும் பொருநர், 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்கிறார். காழ் என்பது இரும்புக் கம்பி. அதில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டை, சூடு பொறுக்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்றார்களாம். இரவும் பகலும் தின்று, கொல்லையை உழுத கொழுப் போலப் பல் மழுங்கிவிட்டது என்றும் சொல்கிறார். ஆகவே 'ரிப்பெஸ்பேர்' என்பதை நேராகத் தமிழாக்கினால் 'காழ்விலா' வரும். அழகான சொல்தான். ஆனால் அதை மெனுவில் போட்டால் மச்சான் மறுபடியும் ஏதாவது கேட்பார்.

அதனால் நான் கறிக்கடைக்குப் போனேன். சேலம், நாமக்கல் சாலைகளில் 'வெண்பன்றி இறைச்சி' என்று பலகை வைத்த கடைகள் நிறைய. பன்றி என்றாலே முகம் சுளிப்பவர்களுக்காகவே முன்னால் அந்த 'வெண்' சேர்ந்தது என்பது என் எண்ணம்.

"அண்ணா, விலா எலும்பு ஒரு பக்கம் முழுசா வேணும். வெட்டாம குடுங்க."

"முழுசா வாங்கி என்ன பண்றீங்க? சட்டியில எப்படிங்க எறங்கும்?"

நியாயமான கேள்வி. நம் ஊரில் கறி என்றால் குழம்புக்கோ வறுவலுக்கோதான். புளியங்கட்டையில் வைத்துக் கத்தி இறங்கினால் விலா, தொடை எல்லாம் ஒரே அளவுத் துண்டாகிவிடும். முழு ஏணியாக வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஆட்டுக்கறிக் கடையில் மட்டும் கொஞ்சம் பாகுபாடு உண்டு. முதுகுத்தண்டை ஒட்டிய விலாத் துண்டு சாப்ஸ். கீழே மார்புப் பக்கம், குருத்தெலும்போடு வருவது நெஞ்செலும்பு, சூப்புக்குப் போவது. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கர்களும் பன்றி விலாவை இதே கோட்டில்தான் பிரிக்கிறார்கள். முதுகை ஒட்டிய குட்டை எலும்புகள் பேபி பேக் ரிப்ஸ். குட்டிப் பன்றி என்று பொருள் இல்லை, எலும்பு சிறியது, அவ்வளவுதான். கீழே வயிறும் மார்பும் சேரும் பக்கம் இருப்பவை ஸ்பேர் ரிப்ஸ். கொழுப்பும் சவ்வும் அதிகம், மெதுவாக வேகும், ருசி கூடுதல். அந்த மார்பெலும்பையும் குருத்தெலும்பையும் சீவி நீள்சதுரமாக்கினால் செயின்ட் லூயிஸ் வெட்டு.

ஆக என் பரிந்துரை: பேபி பேக் ரிப்ஸ் முதுகு விலா, ஸ்பேர் ரிப்ஸ் நெஞ்சு விலா. கறிக்கடைக்காரருக்குப் பாடம் எடுக்காமல் புரியும்.

ஊருக்கு ஊர் இதைச் சமைக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கான்டன் பக்கத்தில் விலாவை விரல் அகலத்துக்கு நறுக்கி, புளிக்கவைத்த கறுப்பு சோயா மொச்சையோடு ஆவியில் வேகவைக்கிறார்கள். சிறிய தட்டு, தேநீரோடு வரும். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்களைக் கேட்டால் 'பக் குட் தே' என்பார்கள். ஹொக்கியன் மொழியில் இறைச்சி எலும்புத் தேநீர் என்று பொருள். உள்ளே தேயிலை கிடையாது, பக்கத்தில் வைத்துக் குடிப்பதுதான் தேநீர். சிங்கப்பூரின் தியோச்சூ முறையில் பூண்டும் மிளகும் தூக்கலாக, ஏறக்குறைய நம் நெஞ்செலும்பு மிளகு ரசம் மாதிரி இருக்கும். கொரியாவில் விலாவுக்குக் கல்பி என்று பெயர், பேரிக்காய்ச் சாறு சேர்த்து ஊறவைப்பார்கள். அவர்களுடைய 'தக் கல்பி' கோழிக்கறி, அதில் விலாவே இல்லை. அமெரிக்காவில் மெம்பிஸ்காரர்கள் உலர்ந்த மசாலாவைத் தேய்த்துப் புகையில் வைப்பார்கள், கான்சஸ் சிட்டியில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டிச் சாஸ் பூசுவார்கள்.

விலாவே இல்லாத விலா உணவு என்று பார்த்தால் நம் டீக்கடைக் கட்லெட்டையும் விட முடியாது. லத்தீனில் கோஸ்டா என்றால் விலா. அதிலிருந்து பிரெஞ்சில் கோத், சின்ன விலா என்றால் கோத்லெத். அதுதான் ஆங்கிலத்தில் கட்லெட். உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் பிசைந்து ரஸ்க் தூளில் புரட்டிய வெஜிடபிள் கட்லெட்டுக்குச் சொற்பொருள் பார்த்தால் 'காய்கறிக் குட்டிவிலா'. கடல்கரையைச் சொல்லும் 'கோஸ்ட்' கூட அதே விலாதான், நிலத்தின் பக்கவாட்டு.

முழு விலாவை நான் சமைத்தது மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில். எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை முதலில் உரிக்க வேண்டும். வழுக்கும், ஒரு துணியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். இதை விட்டால் மசாலா இறங்காது, தின்னும்போது ரப்பர் மாதிரி இருக்கும். பிறகு கல்லுப்பு, தோட்டத்து மிளகு, வரமிளகாய், சீரகம், பொடித்த வெல்லம் எல்லாம் தேய்த்து இரண்டு மணி நேரம். கவாத்து செய்த காப்பிக் கட்டை எரிந்து கங்கானதும் ஒரு ஓரமாக ஒதுக்கி, மறு ஓரத்தில் விலாவை வைத்து மூடினோம். நேர் தீ கூடாது, வெல்லம் கருகிவிடும். 110 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு இருந்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுப் பலனில்லை. சதையைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் உருகிப் பிசினாவதற்கு அவ்வளவு நேரம் தேவை. எலும்பு நுனியிலிருந்து கறி ஒரு சென்டிமீட்டர் சுருங்கி மேலேறினால் பதம். எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுவதைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அமெரிக்கப் போட்டிகளில் அது அதிகம் வெந்த கறி, கடித்தால் கடித்த இடம் மட்டும் வர வேண்டும். இதில் நான் அவர்கள் கட்சி.

கடைசி அரை மணியில் புளிக்கரைசலும் வெல்லமும் சுண்டக் காய்ச்சிப் பூசினோம். சாஸ் நீர்த்துப்போனால் சீனர்கள் சோள மாவு கரைத்து ஊற்றுவார்கள். சேலத்துக்காரனுக்கு என்ன கவலை, மரவள்ளி மாவு ஒரு ஸ்பூன் போதும். மச்சான் ஆறு எலும்பு தின்றுவிட்டு, ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு உதிரின்னு பேர் வெச்சவன் ருசி பார்த்திருக்க மாட்டான்" என்றார்.

இறங்கும்போது அந்த உணவகத்தில் நிறுத்தி, முதலாளியிடம் ஈட்டிக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 'சுட்ட விலா' என்று மட்டும் போடுங்கள், போதும் என்றேன். எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது புது அட்டை அச்சாகியிருந்தது. உதிரி போய்விட்டது. அந்த இடத்தில் 'சுட்ட விளா'. விளா என்றால் விளாம்பழ மரம்.