மலையில் இருக்கும் ரவுட்டரை வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். குன்னூர், ஊட்டி, மஞ்சூர் பக்கம் லாட்ஜ், காட்டேஜ், தேயிலை ஃபேக்டரி, பள்ளிக்கூடம் என்று பல இடங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பதுதான் வேலை. மஞ்சூரில் ஒரு ரவுட்டர் ஹேங் ஆனால் அதை அணைத்துப் போடுவதற்காக மட்டும் போய் வந்தால் பாதி நாள் போய்விடும், மழைக்காலத்தில் ரோட்டில் மரம் விழுந்தால் அன்றைக்குப் போகவே முடியாது. அதனால் இங்கே இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ், தி டூட் என்று ஏதாவது ஒரு கண்காணிப்பு மென்பொருளுக்கு வந்துவிட்டோம். இவை எதற்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது, பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தாலே போதும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் அதில் பச்சை, சிவப்பு இரண்டைத்தான் பார்க்கிறார்கள். பிங், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டதற்கு ரவுட்டரின் பதில், வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. எனக்கு அது போதாது என்று புரிந்தது ஒரு சில்வர் ஓக் மரத்தால்.

எதிரெதிர் சரிவுகளுக்கு நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் ஒரு லிங்க் போட்டிருந்தேன். தூறல் விழுந்தாலே நெட் மெதுவாகிறது என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பனிமூட்டம்தான் காரணம் என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள், ஆனால் இந்த அலைவரிசையில் மூட்டம் சிக்னலை அப்படி ஒன்றும் குறைக்காது. பிங் எப்போதும் பச்சை. சரி என்று சிக்னல் அளவின் ஒரு வருட கிராஃபை எடுத்துப் பார்த்தேன். போட்ட நாளில் மைனஸ் 57 டிபிஎம் இருந்தது (மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம்), மாதத்துக்கு ஒன்று என்று யார் கண்ணுக்கும் தெரியாமல் இறங்கி மைனஸ் 70-க்கு வந்திருந்தது. ஒரு நாளில் இறங்கியிருந்தால் ஆன்டெனா திரும்பிவிட்டது என்று சொல்லலாம், இப்படி மெதுவாக இறங்கினால் நடுவில் ஏதோ வளர்கிறது. போய்ப் பார்த்தால் எஸ்டேட்டில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் வரிசையின் கொழுந்துகள் சரியாக நடுவே நின்றன, ஈர இலை இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். மேஸ்திரியிடம் கேட்டேன். "மரத்துக்குக் கவாத்து எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி, அடுத்த மாசம் எடுக்கிறோம்" என்றார். எடுத்த அன்றைக்கு சாயங்காலமே மைனஸ் 59.

கண்காணிப்பு என்றால் எனக்கு இதுதான். சிக்னல், சிபியு, வோல்டேஜ், வெப்பம் நான்கையும் வரைய வையுங்கள், வாரம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள். கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் பேட்டரி சாகப்போவது வோல்டேஜ் கோட்டில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காட்டேஜ் உரிமையாளர் கூப்பிட்டார். "தம்பி, நெட் வருது, ஆனா பேங்க் பக்கம் தொறந்தா ஏதோ மாதிரி இருக்கு" என்றார். உள்ளே போய்ப் பார்த்தால், யாரும் வைக்காத ஒரு டிஎன்எஸ் முகவரி (தளத்தின் பெயரைக் கொடுத்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வது இதுதான், மாற்றினால் போலிப் பக்கத்துக்கும் அனுப்பலாம்), யாரும் உருவாக்காத ஒரு யூசர். எனக்கு முன் பார்த்தவர் வீட்டிலிருந்து கவனிக்க வசதியாக நிர்வாக போர்ட்டை, அதாவது ரவுட்டரின் செட்டிங்குக்குள் போகும் எண் போட்ட வாசலை, இன்டர்நெட் முழுவதற்கும் திறந்து வைத்திருந்தார். லாகை, அதாவது நடந்ததை எல்லாம் ரவுட்டர் எழுதி வைக்கும் பதிவை, திறந்தால் சில விநாடிக்கு ஒரு தடவை எங்கிருந்தோ அட்மின், ரூட், சப்போர்ட் என்று யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். விருந்தினர் ஒருவர்கூட இல்லாத நாட்களிலும் ராத்திரி இரண்டு மணிக்கு சிபியு 90 சதவீதம் ஓடியதை கிராஃப் மூன்று வாரமாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

நல்ல பாஸ்வேர்ட் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2018-இல் மைக்ரோடிக் என்ற நிறுவனத்தின் ரவுட்டர்களை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் சேவையில், அதாவது 8291 போர்ட்டில், ஒரு ஓட்டை வெளிவந்தது. லாகின் செய்யாமலே யூசர், பாஸ்வேர்ட் இருக்கும் கோப்பை எடுத்துவிட முடிந்தது, பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒன்றுதான். நிறுவனம் ஏப்ரலிலேயே திருத்தம் வெளியிட்டது. ஆனாலும் அப்டேட் செய்யாத ரவுட்டர்களை ஆகஸ்டில் கிரிப்டோ மைனிங்குக்கு, அதாவது அடுத்தவர் கம்ப்யூட்டர் சக்தியில் டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்க, பயன்படுத்தினார்கள். பிரேசிலில் தொடங்கி லட்சக்கணக்கில் சிக்கின. அதற்கு முன் 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு போனது. அங்கே குறிவைக்கப்பட்டது 7547 போர்ட், இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் ரவுட்டரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் வழி. இரண்டிலும் தாக்கப்பட்ட கதவு நிர்வாகத்துக்காக வைத்த கதவுதான். அதை வெளியுலகத்துக்கு மூடி வைத்திருந்தவர்களை இப்படித் தேடி வந்தவர்களால் தொட முடியவில்லை.

அதனால் விபிஎன், அதாவது பூட்டிய தனி வழி, வழியாக மட்டும் உள்ளே போங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் இப்போது பல ரவுட்டர்களிலேயே இருக்கிறது. நம் பக்கத்து இணைப்புகள் பலவற்றுக்குத் வெளியிலிருந்து நேரே கூப்பிடத் தனி வெளி முகவரி கிடையாது, அப்படியென்றால் மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து ரவுட்டரே அதைக் கூப்பிடும்படி வையுங்கள். இதில் பலர் கோட்டைவிடுவது ஐபிவி6, அதாவது புது வகை இணைய முகவரி. பழைய முகவரிதான் மறைந்திருக்கும், வி6 நேராக வெளியே தெரியும், அதற்கு ஃபயர்வால், அதாவது யாரை உள்ளே விடலாம் என்ற விதி, தனியாக எழுத வேண்டும்.

கண்காணிப்பு மென்பொருள் ரவுட்டரிடம் தகவல் கேட்கும் எஸ்என்எம்பி-யில் பாஸ்வேர்ட் மாதிரி முதலிலேயே இருக்கும் "பப்ளிக்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள், வெர்ஷன் 3 இருந்தால் அதையே வையுங்கள், பழைய வெர்ஷன்களில் எல்லாம் மறைக்காமல் போகும். லாகை வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்புங்கள், பல ரவுட்டர்களில் அது கரன்ட் போனால் அழிந்துவிடும். கடிகாரத்தையும் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி-யில் இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரன்ட் வந்ததும் 1970 ஜனவரி என்று எழுதத் தொடங்கும், எது எப்போது நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரவுட்டரின் கான்ஃபிக், அதாவது எல்லா செட்டிங்குகளின், பேக்கப் தினமும் எடுக்கட்டும், ஏப்ரல், மே இடிமழையில் ரவுட்டர் எரிந்தால் புதியதில் ஏற்றிவிடலாம். அந்தக் கோப்பில் பாஸ்வேர்ட் இருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

தூரத்திலிருந்து ஃபயர்வாலைத் தொடும்போது மைக்ரோடிக்கில் சேஃப் மோடைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள், தொடர்பு அறுந்தால் மாற்றம் தானாகத் திரும்பிவிடும். சிஸ்கோ ரவுட்டர் என்றால் மாற்றத்தை சேமிக்காமல் பத்து நிமிடத்தில் தானே ரீலோட் ஆகும்படி (அணைந்து பழைய செட்டிங்கோடு வரும்படி) சொல்லிவிட்டு மாற்றுங்கள், சரியாக வந்தால் அதை ரத்து செய்துவிட்டு சேமிக்கலாம். நான் சேஃப் மோடைப் போடாமல் ஒரு வரியைத் தப்பான இடத்தில் வைத்து, ஒரு பள்ளிக்கூடத்து ரவுட்டருக்குள் நானே போக முடியாமல், கொட்டுகிற மழையில் வண்டி எடுத்துக்கொண்டு மஞ்சூர் போயிருக்கிறேன். பரீட்சை நேரம், அங்கே எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ரவுட்டரின் வெளி முகவரியைக் குறித்துக்கொண்டு, போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள், அப்புறம் பிரவுசரில் திறக்கும் நிர்வாக போர்ட் எண்ணையும் சேர்த்து ஒரு தடவை. லாகின் பக்கம் வந்தால் முதலில் அதை மூடுங்கள். கிராஃப் எல்லாம் அப்புறம் போடலாம்.