கற்பித்தலுக்கான நிதி வகுப்பில் யாரைச் சென்றடைகிறது?

புதுமையான கற்பித்தல் திட்டங்களுக்கென்று பொறியியல் கல்லூரிகள் ஒதுக்கும் உள்நிதியை யாருக்கு வழங்குவது என்று தீர்மானிக்கும் குழுக்களில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அக்குழுக்களுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கருவியை வாங்குவதற்கானவை. முப்பரிமாண அச்சுப்பொறி, மெய்நிகர் காட்சிக் கண்ணாடி, தொடுதிரைப் பலகை, மென்பொருள் உரிமம் என்று பட்டியல் நீளும். அந்தக் கருவியால் எந்த மாணவரின் எந்தச் சிக்கல் தீரப்போகிறது என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகளில் முடிந்துவிடும். இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கருவிக்கு விலைப்புள்ளி உண்டு, இருப்புப் பதிவேட்டில் எண் உண்டு, தணிக்கைக்கு வருபவர் நேரில் பார்த்துச் சரிபார்க்க ஒரு பொருள் உண்டு. ஓர் ஆசிரியர் வாரந்தோறும் இரண்டு மணி நேரம் மாணவர்களோடு கூடுதலாக அமர்ந்தார் என்பதற்கு அப்படியொரு பதிவேடு இல்லை. மார்ச் 31க்குள் பணத்தைச் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் தந்தாக வேண்டிய நெருக்கடியில், எளிதில் செலவாகும் தலைப்பை நோக்கியே நிதி நகர்கிறது. ஆய்வகங்களைப் புதுப்பிப்பதற்கென்றே, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் மோட்ராப்ஸ் போன்ற நிதித் திட்டங்கள் ஏற்படுத்தப்பட்டிருக்க, கற்பித்தலுக்கு என்று ஒதுக்கிய சிறு தொகையையும் கருவிகளுக்கே கொடுத்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் ஏன் அவசரமானது என்பதை நம் முதலாமாண்டு வகுப்புகளே சொல்லும். பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டிலிருந்து நீங்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகள் தமிழ்வழியிலும் தொடங்கப்பட்டன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வி இடங்களில் 7.5 விழுக்காட்டை முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2021இல் நிறைவேறி, அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்றது. இவற்றோடு, பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர்களும் இருக்கிறார்கள். பட்டறையில் அவர்கள் கை தேர்ந்தவர்கள், ஆனால் முதலாமாண்டுக் கணிதத்தின் தொடர்ச்சியை எதிர்பார்த்து எழுதப்பட்ட பாடங்களுக்குள் வந்து விழுகிறார்கள். கல்லூரியின் வாசல்வரை அவர்களைக் கொண்டுவந்து சேர்க்க அரசு செலவிட்டிருக்கிறது. வகுப்புக்குள் நடப்பது கல்லூரியின் பொறுப்பு, கற்பித்தல் நிதியின் பொறுப்பும் அதுதான்.

சிறு நிதி ஒன்று சரியான கேள்வியிலிருந்து தொடங்கினால் என்ன சாதிக்கும் என்பதற்கு நான் விண்ணப்பதாரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கு பொறியியல் வரைகலையைக் கற்பித்துவந்த ஷெரில் சோர்பியும் அவருடைய சக பேராசிரியரும், 1993இல் தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதியுதவியோடு, முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு முப்பரிமாணப் பொருளை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கும் திறனை அளவிடும் 30 வினாக்கள் கொண்ட தேர்வை நடத்தினார்கள். அதில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் பெண்களின் விகிதம் மிகவும் கூடுதலாக இருந்தது. அத்திறன் பிறவியிலேயே அமைவது என்று ஒதுங்கிவிடாமல், 60 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே பெற்றவர்களுக்கென்று ஒரு தனிப் பாடத்தை வடிவமைத்தார்கள். ஒன்றோடொன்று இணையும் கனசதுரக் கட்டைகளும் தாளும் பென்சிலும் அதன் கருவிகளில் அடங்கும். பாடத்தை எடுத்தவர்கள் வரைகலையில் மேம்பட்டார்கள். குறிப்பாகப் பெண்கள் படிப்பை இடையில் விடாமல் தொடரும் விகிதமும் உயர்ந்தது. அந்த நிதி யார் தடுமாறுகிறார்கள் என்பதை முதலில் அளந்தது, பிறகு அவர்களுக்குத் தேவையானதைச் செய்தது. அந்த வரிசையே அதன் வெற்றிக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

நம் கல்லூரிகளிலும் முதலாமாண்டில் மாணவர்களை அதிகம் கலங்கவைக்கும் தாள்களில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் ஒன்று. கிடைத்தளத்துக்குச் சாய்ந்து நிற்கும் அறுகோணப் பட்டகத்தை ஒரு தளம் வெட்டும்போது வெட்டுமுகம் எப்படித் தோன்றும் என்ற கணக்கில், பட்டகம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதே புரியாமல், எடுத்துக்காட்டின் கோடுகளை மனப்பாடமாக வரைந்துவைக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வினாவில் கோணத்தை மாற்றிவிட்டால் வரைதாள் வெறுமையாகவே திரும்பும். ஓர் இளம் ஆசிரியை இதற்கென அனுப்பிய விண்ணப்பத்தில் அவர் கேட்டிருந்தவை சலவை சோப்புக் கட்டிகள், அறுப்பதற்கு மெல்லிய கம்பி, மர மாதிரிகள், மாலை வகுப்பில் உடனிருந்து உதவும் மூன்றாமாண்டு மாணவர்களுக்கு மதிப்பூதியம் ஆகியவை மட்டுமே. மாணவி ஒருத்தி சோப்பைப் பட்டகமாகச் செதுக்கி, கம்பியால் சாய்வாக அறுத்து, அந்த வெட்டுமுகத்தைத் தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்த பிறகே கணக்கைத் தொடுவாள். குழுவில் சிலருக்கு அது போதிய அளவு புதுமையாகத் தோன்றவில்லை. எனக்கு, அந்த ஆண்டு வந்தவற்றிலேயே சிந்தித்து எழுதப்பட்ட விண்ணப்பம் அதுதான்.

கற்பிக்கும் முறைக்கும் சமத்துவத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை, விரிவுரை மட்டுமே நடக்கும் வகுப்பில் மாணவர் தோல்வியடையும் வாய்ப்பு, மாணவர்கள் தாமே செயல்பட்டுக் கற்கும் வகுப்பைவிட 1.5 மடங்கு என்று காட்டியது. அதே இதழில் 2020இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, இத்தகைய கற்பித்தல் பின்தங்கிய பிரிவு மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த தேர்வு மதிப்பெண் இடைவெளியை 33 விழுக்காடும், தேர்ச்சி விகித இடைவெளியை 45 விழுக்காடும் குறைத்ததாகக் கண்டது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி இதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில்தான் அந்த இடைவெளி சுருங்கியது என்பதையும் அக்கட்டுரை தெளிவாகக் கூறுகிறது. பருவத்துக்கு ஒருமுறை நடத்தும் குழு விவாதத்தைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டும் திட்டங்களுக்கு நிதி வழங்குவோர் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

ஒரு திட்டம் வகுப்பின் சராசரியை உயர்த்திக்கொண்டே வகுப்புக்குள் இருக்கும் இடைவெளியை அகலப்படுத்தவும் கூடும். பாடத்தை ஆங்கிலக் காணொளியாக இரவே பார்த்துவரச் சொல்லி, வகுப்பில் கணக்குகளை மட்டும் செய்யும் முறையை எடுத்துக்கொள்வோம். சொந்த மடிக்கணினியோடு விடுதியில் இருப்பவர் அதனால் பெரிதும் பயனடைவார். கல்லூரிப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வீடு சேர்ந்து, வீட்டுக்கே பொதுவான ஒரே கைப்பேசியைத் தம்பி படித்து முடித்த பிறகு வாங்குபவர், மறுநாள் வகுப்பில் கணக்கு தொடங்கும்போதே பின்தங்கி நிற்பார். கூடுதல் வகுப்புகளின் நிலையும் இதுவே. பேருந்து புறப்பட்ட பிறகு வைக்கப்படும் சிறப்பு வகுப்பில் விடுதி மாணவர்கள் மட்டுமே அமர முடியும். உதவி அதிகம் தேவைப்படும் மாணவி அந்நேரம் பேருந்தின் சன்னலோரத்தில் இருப்பாள். அட்டவணைக்குள்ளேயே அந்த மணி நேரத்தை வைக்காத விண்ணப்பத்தை, அதன் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், திருத்தி அனுப்புமாறு கேட்பதே என் வழக்கம்.

இன்னொன்றிலும் கவனம் தேவை. யாருக்குப் பயன் என்று அளக்க வேண்டும் என்பதற்காக, முதல் பட்டதாரிகளையும் அரசுப் பள்ளி மாணவர்களையும் பெயர் சொல்லி எழுப்பித் தனி அறைக்கு அனுப்புவது பெருந்தவறு. முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரு தொடக்கத் தேர்வு, அதன் அடிப்படையில் எவரும் வந்து சேரக்கூடிய பயிற்சி, முடிவுகளைப் பெயரின்றிக் குழுவாரியாகத் தொகுத்தல் என்று நடத்தினால் மாணவரின் மதிப்புக்குப் பழுது வராமல் தேவையான தரவு கிடைத்துவிடும்.

ஆசிரியரின் நேரத்துக்கும் நிதியில் இடம் இருக்க வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளே பெரிதும் எடைபோடப்படும் சூழலில், பணிச்சுமையில் ஒரு பாடத்தைக் குறைத்துத் தராமல் கற்பித்தலில் புதியதைச் செய்யுமாறு கேட்பது, அவருடைய குடும்ப நேரத்தைக் கேட்பதாகும். உலக வங்கியின் நிதியோடு மூன்று கட்டங்களாக நடந்து 2021இல் முடிவடைந்த, தொழில்நுட்பக் கல்வியின் தரத்தை மேம்படுத்துவதற்கான டெக்விப் திட்டத்தில், பங்கேற்ற கல்லூரிகள் சமத்துவச் செயல்திட்டம் ஒன்றை எழுதி, பின்தங்கிய மாணவர்களுக்கான இணைப்பு வகுப்புகளையும் குறைதீர் கற்பித்தலையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. எழுத்துப்பூர்வமான அந்தக் கடமையைக் கல்லூரிகள் தம் சொந்த உள்நிதிக்கும் வகுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

விண்ணப்பங்களை முதலாமாண்டு வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே கோரி முடிவு செய்துவிட்டால், தொடக்கத் தேர்வை முதல் வாரத்திலேயே நடத்த முடியும். தொகையின் ஒரு பகுதியை அப்போதே கொடுத்துவிட்டு, மறு பகுதியை முதல் பருவத் தேர்வு முடிவுகளுக்குப் பிறகு விடுவிக்குமாறு நான் பரிந்துரைக்கிறேன். அந்த இரண்டாம் கட்டத்துக்கு ஆசிரியர் தர வேண்டிய ஆவணம் ஒரே பக்கம் போதும்: அந்தப் பாடத்தில் அரியர் வைத்தவர்கள் எத்தனை பேர், தொடக்கத் தேர்வில் அவர்கள் எங்கே இருந்தார்கள், பயிற்சிக்கு எத்தனை முறை வந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை.