பத்து நாளில் மாறும் வியர்வை

சித்தப்பா டொராண்டோவில் குடியேறி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு, கொடியேற்றத்தன்று காலையில் மதுரை வந்து இறங்கினார். அங்கே இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றாத ஏப்ரல். இங்கே 38 டிகிரி. "குடை எடுத்துக்கிட்டுப் போங்க சித்தப்பா" என்றேன். "வைகை மணல்ல செருப்பில்லாம பந்து விளையாண்டவன்டா நான். எனக்கென்ன வெயில்?" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் மதியம் மாசி வீதியில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாத்திரக்கடைப் படியில் உட்கார வைத்தோம். சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடுகள். நெற்றி வியர்வை இறங்கிக் கண் எரிகிறது என்றார்.

அந்த உப்பை வைத்தே உடம்புக்குள் நடப்பதைச் சொல்லிவிடலாம். வியர்வைச் சுரப்பியின் அடியில் ஊறும் நீர், ரத்தத்தின் நீர்ப்பகுதி அளவுக்கே உப்பாக இருக்கும். அது குழாய் வழியே தோலுக்கு ஏறி வரும்போது, குழாயின் சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வெயிலுக்குப் பழகாத உடம்பு இதைச் சரியாகச் செய்வதில்லை. தினமும் வியர்க்க வியர்க்க, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் அது உப்பை இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. வியர்வையின் அளவு கூடும், உப்பு குறையும்.

கண் இருட்டியதற்குக் காரணம் வேறு. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள, உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. இருப்பதோ சுமார் 5 லிட்டர். தோலுக்கும் கொடுத்து, நிற்கும்போது காலிலும் தேங்கினால், மூளைக்குப் போவது குறைந்துவிடும். இதற்கும் உடம்பே வழி பார்க்கிறது: வந்த நாலைந்து நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கிவிடும், இதயத் துடிப்பும் நிதானத்துக்கு வரும். வியர்வை சீக்கிரம் தொடங்கி நிறைய வருவதற்கு 7 முதல் 14 நாள் வரை ஆகலாம்.

வியர்வையின் பலம் லேசுப்பட்டதல்ல. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். சும்மா உட்கார்ந்திருப்பவர் உடம்பில் ஒரு மணி நேரத்தில் உண்டாவது 70, 80 கிலோ கலோரிதான். லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் 1774-இல், கொதிநீரைவிடச் சூடான உலர்ந்த அறைக்குள் போய்ச் சில நிமிடம் இருந்துவிட்டு நல்லபடியாக வெளியே வந்தார். அதே அறையில் வைத்த முட்டை வெந்து கெட்டியாகிவிட்டது! ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும்; சொட்டி வழிந்தால் பலன் இல்லை. சென்னையின் கடற்கரைப் புழுக்கம் மதுரை வெயிலைவிட ஆளை வாட்டுவது இதனால்தான்.

சித்தப்பாவின் பால்ய காலம் முழுக்க வீணாகிவிடவில்லை. ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் குனோ, வெப்ப நாடுகளில் பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களையும் பெரியவர்களான பின் அங்கே போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வேலை செய்யும் சுரப்பிகள் எத்தனை என்பது குழந்தைப் பருவத்தின் முதல் சில வருஷங்களிலேயே முடிவாகிவிடுகிறது என்பது அவர் கண்டது. சுரப்பிகள் நிலைக்கும், பழக்கம் நிலைக்காது. வெயிலை விட்டுப் போன மூன்று, நாலு வாரத்தில் அது பெரும்பாலும் வடிந்துவிடும்.

அதனால் குளிர்நாட்டிலிருந்து வருபவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. முதல் வாரத்தில் நாள் முழுக்க ஏசி அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள், உடம்பு எதையும் கற்காது. உச்சி வெயிலிலும் அலையாதீர்கள். காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் வியர்க்க நடந்தால் போதும். உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். முதல் நாட்களில் தண்ணீரோடு உப்பும் போகிறது அல்லவா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, ஆள் நிதானம் தவறினால் அது வெப்பவாதம். தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

குளிருக்குப் போகும்போது உடம்பு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை. தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நடுங்கி வெப்பம் உண்டாக்கும். வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு பெரியவர்களிடமும் இருப்பது 2009-இல் வந்த ஆய்வுகளில் உறுதியானது. ஆனாலும் அதை நம்பி ஜனவரியில் டொராண்டோ தெருவில் நிற்க முடியாது. அங்கே காப்பாற்றுவது உடுப்புதான். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு குளிரில் இறங்கக் கூடாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலிலிருந்து உள்ளே திரும்பிய ரத்தத்தைப் பார்த்துச் சிறுநீரகம் நீர் அதிகம் என்று எடுத்துக்கொள்வதால், அடிக்கடி சிறுநீர் போகும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று சித்தப்பா ராமராயர் மண்டபத்தில் நண்பகல் வரை நின்றார். பக்தர்கள் பீய்ச்சிய தண்ணீர் அவர் மேலும் தெறித்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். காய்ந்த பிறகு முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உப்புக் கோடு தெரியவில்லை.

அடுத்த சித்திரைக்குக் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே டிக்கெட் போட்டிருக்கிறார்.