செயலியில் வரும் செஸ்னா உங்கள் செஸ்னா அல்ல

பிளைட் பிளானிங் செயலியில் (விமானி தன் பயணத்தைத் திட்டமிடும் செயலி) 'செஸ்னா 172' என்ற சிறு விமானத்தைத் தேர்ந்தெடுத்த உடனே வேகம், எரிபொருள், ஏறும் நேரம் எல்லாம் நிரம்பிய ஒரு ப்ரொஃபைல் வந்து நிற்கும். பலரும் அதைத் தொடுவதே இல்லை. அதில் இருப்பது யாரோ போட்டுவைத்த சராசரிக் கணக்கு. மதுரையில் கிளம்பி, ராமேசுவரம் தொட்டு, தூத்துக்குடி வழியாகத் திரும்புகிற சுமார் 230 கடல் மைல் சுற்றுக்கு அது போதாது.

முதலில் உங்கள் விமானத்தின் கையேட்டை எடுங்கள். 172-லேயே பல மாடல்கள் உண்டு. இங்கே 172எஸ்-ஐ எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொள்ளளவு 56 அமெரிக்க கேலன், அதில் பறக்கப் பயன்படுவது 53. செயலியில் 53 என்றே போடுங்கள். பக்கத்திலேயே அலகைக் கேட்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், ஆபத்து அங்கேதான். 53 அமெரிக்க கேலன் என்பது 200 லிட்டர். தவறிப்போய் இம்பீரியல் கேலன் என்று விட்டால் செயலி 241 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளும். டேங்கில் இல்லாத 40 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கும் மேலான பறத்தல், திரையில் மட்டும் இருக்கும். 1983-ல் கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றதற்குப் பவுண்டு–கிலோ குழப்பமும் ஒரு காரணம். பெரிய விமானத்திலேயே நடந்தது.

அடுத்தது வெயில். கையேட்டின் ஏறுதல் அட்டவணை, கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற தரநிலைக்குப் போட்டது. நம் கடற்கரையில் சித்திரை மதியம் 35 டிகிரி சாதாரணம். ஓடுபாதை கடல்மட்டத்தில் இருந்தாலும் இன்ஜினுக்கு அது ஏறத்தாழ 2400 அடி உயரத்து மெல்லிய காற்று. தரநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் நேரம், எரிபொருள், தூரம் மூன்றையும் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது கையேடு. 4000 அடிக்கு 6 நிமிடம் என்றிருந்தால் 7 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஒன்று: பல செயலிகள் வானிலைத் தரவிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தாங்களே திருத்திக்கொள்ளும். நீங்களும் 20 சதவீதம் ஏற்றி வைத்தால் திருத்தம் இரட்டிப்பாகிவிடும். எது யார் வேலை என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள். ஸ்டார்ட், டேக்ஸி (தரையில் ஓட்டிப் போவது), டேக்-ஆஃபுக்கான 1.4 கேலன் தனிக் கட்டத்தில் போகவேண்டும், ஏறுதலில் கலக்காதீர்கள்.

வேகத்தில் குழப்பம் எளிது. கட்டம் கேட்பது பெரும்பாலும் உண்மை வேகம், அதாவது விமானம் காற்றினூடே நிஜமாகப் போகிற வேகம். விமானத்தின் வேகமானியில் தெரிவது வேறு. 4000 அடியில், இந்த வெயிலில், மானி 105 நாட் (மணிக்கு 105 கடல் மைல்) காட்டினால் உண்மை வேகம் 115-ஐ ஒட்டி இருக்கும். மானி எண்ணைப் போட்டுவிட்டால் பயண நேரம் கூடுதலாகக் காட்டும், பிழைத்துக்கொள்ளலாம். மானி வேகம் கேட்கிற கட்டத்தில் உண்மை வேகத்தைப் போடுவதுதான் மோசம்: செயலி அதை இன்னும் ஏற்றி, பயண நேரத்தைக் குறைத்துக் காட்டும்.

ராமேசுவரம்–தூத்துக்குடி நேர்கோடு சுமார் 83 கடல் மைல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து முகத்துக்கு நேரே அடிக்கும். 110 நாட்டில் 45 நிமிடப் பயணம், 25 நாட் எதிர்காற்றில் 59 நிமிடம் ஆகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கோடு போகிற இடம்: கீழக்கரைக்கு நேரே கரையிலிருந்து 9, 10 கடல் மைல் தள்ளி மன்னார் வளைகுடாவுக்குள் போகிறது. 172எஸ், இன்ஜின் நின்றால் 68 நாட்டில் 1000 அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ 1.5 கடல் மைல் காற்றில் சறுக்கிப் போகும். 3000 அடியிலிருந்து காற்றில்லாமல் நாலரை. 20 நாட் எதிர்காற்றில் மூன்றுக்குச் சற்று மேல். ப்ரொஃபைலில் இந்தச் சறுக்கு விகிதத்தைச் சரியாகப் போட்டிருந்தால் செயலி வரையும் வட்டம் கரையைத் தொடாததைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழக்கரை, வேம்பார் வழியாகக் கரையோரமாகப் பாதையை வளைத்தால் கூடுவது நாலைந்து கடல் மைல்தான். உச்சிப்புளி கடற்படை விமானதளம் அந்தப் பாதையருகே இருப்பதால் அனுமதியை முன்னாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கையேட்டு எண்கள் புது விமானத்துக்கு உரியவை. உங்களுடையதை அளந்து பாருங்கள். காற்று அடங்கிய காலையில், ஒரே உயரம், ஒரே ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) வைத்து வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று இரண்டிரண்டு நிமிடம் பறந்து, நான்கு ஜிபிஎஸ் வேகங்களையும் சராசரி எடுத்தால் உண்மை வேகம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். எரிபொருளுக்கு மானியை நம்பவேண்டாம். சமதளத்தில் நிறுத்தி விளிம்பு வரை நிரப்பி, ஒன்றரை மணி நேரமாவது பறந்து, அதே இடத்தில் அதே விளிம்புக்கு மறுபடி நிரப்பி, பங்க் மீட்டரைப் படியுங்கள். டேக்ஸிக்கும் ஏறுதலுக்கும் உரியதைக் கழித்து, மீதியை சீராகப் பறந்த நேரத்தால் வகுங்கள். ஒரு தடவை போதாது; மூன்று பறத்தலிலும் எண் ஒத்துவந்தால் ப்ரொஃபைலில் ஏற்றுங்கள்.

மழைக்காலத்தில் சேறு அடைக்கிறது என்று சக்கரக் கவசங்களைக் கழற்றிவிடுவது வழக்கம். அப்போது கையேட்டின்படியே வேகம் 2 நாட் குறைகிறது. அந்த மாதங்களுக்கு ப்ரொஃபைலை நகலெடுத்து, 'கவசம் இல்லை' என்று பெயர் வைத்துவிடுங்கள்.