ஒரே ஒரு இணைப்பு, இரட்டிப்பு மதிப்பு

1990-களின் நடுவில் தேடுபொறிகளை ஏமாற்றப் பெரிய திறமை எதுவும் தேவைப்படவில்லை. தேடிய சொல் ஒரு பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதையே அவை பெரும்பாலும் பார்த்தன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லைக் கொட்டிவைத்தவர்கள் முன்வரிசையைப் பிடித்தார்கள்.

ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்ப முடியாவிட்டால், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளை அவை பெறும் மேற்கோள்களைக் கொண்டு எடைபோடுவது கல்வியுலகின் பழைய வழக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் அதை வலைப்பக்கங்களுக்குப் பொருத்தினார்கள்: ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பும் ஒரு மேற்கோள்தான். கூகுளின் அடித்தளமான ‘பேஜ்ரேங்க்’ என்ற தரவரிசை முறை அப்படிப் பிறந்தது. வரும் இணைப்புகளை வெறுமனே எண்ணினால், போலிப் பக்கங்களை உருவாக்கி ஊதிப் பெருக்கிவிடலாம். ஆகவே முக்கியமான பக்கம் தரும் இணைப்புக்கு எடை அதிகம் என்று விதித்தார்கள்.

ஆனால் அந்தப் பக்கம் முக்கியமானது என்று எப்படித் தெரியும்? அதற்கு வரும் இணைப்புகளால்தான். சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதுபோல் தோன்றும் இந்த முடிச்சைக் கணக்கு அழகாக அவிழ்க்கிறது. அ, ஆ, இ என்று மூன்று பக்கங்கள் இருக்கட்டும். அ மற்ற இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது. ஆ, இ-க்குத் தருகிறது. இ, அ-வுக்குத் தருகிறது. தொடக்கத்தில் ஆளுக்கு 100 புள்ளிகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பக்கமும் தன் புள்ளிகளைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். முதல் சுற்று முடிவில் அ 100, ஆ 50, இ 150. அடுத்து 150, 50, 100. அதற்கடுத்து 100, 75, 125. இப்படி ஆடி ஆடி, கடைசியில் 120, 60, 120 என்று நின்றுவிடுகிறது.

அ, ஆ இரண்டுக்குமே வரும் இணைப்பு ஒன்றுதான். இருந்தும் அ-வின் மதிப்பு இரட்டிப்பு. அதற்கு இணைப்புத் தரும் இ, தன்னிடமுள்ள அனைத்தையும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. ஆ-வுக்குக் கிடைப்பதோ அ பங்குபோட்டதில் பாதி. உண்மையான வலையிலும் இதே ஆட்டம்தான். 32 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளை வைத்துச் செய்த தொடக்ககாலச் சோதனையில், சுமார் 52 சுற்றுகளிலேயே கணக்கு ஏறத்தாழ நிலைபெற்றது.

இதில் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று மட்டுமே சுட்டிக்கொண்டால், உள்ளே வரும் புள்ளிகள் வெளியேறாமல் தேங்கும். அதற்காக ஒரு கற்பனை வாசகரை நுழைத்தார்கள். அவர் 85 விழுக்காடு நேரம் கண்ணில் பட்ட இணைப்பைத் தொடர்வார். மீதி நேரம் அலுத்துப்போய், வலையின் ஏதோ ஒரு மூலைக்குத் தாவிவிடுவார். அவர் ஒரு பக்கத்தில் இருக்கக்கூடிய வாய்ப்பே அந்தப் பக்கத்தின் மதிப்பு. இந்தச் சலிப்புதான் மொத்தத் திட்டத்திலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

இணைப்புக்கு மதிப்பு உண்டென்று தெரிந்ததும் அதற்குச் சந்தை முளைத்தது. ஒன்றையொன்று தூக்கிவிடுவதற்கென்றே பக்கங்களைப் பெருக்கினார்கள், இணைப்புகளை விலைபேசினார்கள். இணைப்பின்மேல் எழுதியிருக்கும் சொற்களையும் தேடுபொறி கணக்கில் எடுப்பதைப் பயன்படுத்தி, 2003-ல் சிலர் கூட்டுச் சேர்ந்து விளையாடினார்கள். ‘படுதோல்வி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தேடினால் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அந்தத் தொடரே கிடையாது!

எதிர் நடவடிக்கைகளும் வந்தன. ‘இந்த இணைப்பை மதிப்பாகக் கொள்ளாதே’ என்று சொல்லும் குறியீட்டை 2005-ல் பெரிய தேடுபொறிகள் ஏற்றன. 2012-ல் ‘பென்குயின்’ என்ற மாற்றத்தின் மூலம், செயற்கை இணைப்புகளால் உயர்ந்த தளங்களைக் கூகுள் கீழே இறக்கியது. இன்று இணைப்பு பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. கற்பனை வாசகரும் முன்புபோல் கண்மூடித்தனமானவர் அல்லர்: கூகுள் 2010-ல் பெற்ற ஒரு காப்புரிமையின்படி, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் இணைப்பைவிட, யாரும் சொடுக்கக்கூடிய இடத்திலுள்ள இணைப்புக்கு எடை கூடுதல்.