முற்றிய கண்புரைக்கு லேசர்தான் வேண்டுமா? அட்டையை நம்பிக் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். உள்ளே பொருத்தும் லென்ஸுக்கும் கட்டணம் கிடையாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு நேரே சென்றோ, ஊர்களில் நடக்கும் இலவசக் கண் முகாம் வழியாகவோ இதைப் பெறலாம். அதற்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை தேவையில்லை. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து முதியவர்கள் நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

"புரை முற்றிவிட்டது, லேசர் செய்தால்தான் பார்வை வரும்" என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. அது உண்மையல்ல. புரைக்குப் பயன்படும் ஃபெம்டோ லேசர் என்ற கருவி கருவிழியில் கீறலிடும், லென்ஸ் உறையை வட்டமாகத் திறக்கும், புரையைத் துண்டாக்கும். மீதி வேலை முழுவதும் மருத்துவரின் கையில்தான் இருக்கிறது. வெள்ளையாகவோ கரும்பழுப்பாகவோ இறுகிய புரைக்குள் அந்த ஒளி சரியாக ஊடுருவாது என்பதால், முற்றிய நிலையில்தான் அதன் பயன் குறைகிறது. பிரான்சில் நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வும், புரையை ஒலியதிர்வால் உடைத்து எடுக்கும் வழக்கமான பாகோ முறையைவிட லேசர் மேலான பலன் தரவில்லை என்றே கண்டது. முற்றிய புரையைத் தையலில்லாத சிறு கீறல் வழியே கையால் அகற்றும் முறை நம் ஊரில் நன்கு பழகிய ஒன்று.

காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று இருப்பதைக் கண்டு, எந்தச் சிகிச்சைக்கும் அது கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில், நிர்ணயித்த தொகை மட்டுமே கிடைக்கும். அட்டை பெறுவதற்கே ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகச் சான்று வேண்டும். தாய் மகள் வீட்டில் இருப்பார், பெயர் மூத்த மகனின் குடும்ப அட்டையில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் இ-சேவை மையத்துக்கு அனுப்புவார். அங்கே ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது என்பார்கள். அதைத் திருத்திக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், நாற்று நட்டுத் தேய்ந்த விரலில் ரேகை பதியாது, கடவுச்சொல் வரும் கைப்பேசியோ திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருக்கும். கண் தெரியாத ஒருவரை இத்தனை வாசல் ஏறி இறங்க வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆகவே ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்பதை வீட்டிலேயே முதலில் பாருங்கள்.

தனியார் காப்பீடு வைத்திருப்போர் இரண்டைப் பார்க்க வேண்டும். கண்புரைக்குப் பல பாலிசிகளில் இரண்டு ஆண்டு காத்திருப்பும், ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு. வரம்புக்கு மேற்பட்ட லேசர் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். பாகோவையே லேசர் என்று சொல்லிவிடுவதும் உண்டு. எனவே எந்த முறை, எந்த லென்ஸ், மொத்தம் எவ்வளவு, காப்பீட்டு நிறுவனம் ஒப்பிய தொகை எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் அதற்கு எழுத்தில் முறையிடுங்கள்; 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.

அட்டை வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். முற்றிய புரை கண் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையை மீளாமல் பறிக்கக்கூடும். கண் சிவந்து கடுமையாக வலித்தால், காகிதம் எதுவும் கையில் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.